மெயிலில் ஒரு ரோல்பிளேயிங் ஆட்டம்: தொடங்குவதும் ஓடவைப்பதும்

ரோல்பிளேயிங் ஆட்டம் என்றாலே என்னவென்று தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கதையை நடத்துகிறார்கள். ஒருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் கதையில் ஆளுக்கொரு பாத்திரம்: ஒருத்தர் வாள்வீரர், ஒருத்தர் மந்திரம் தெரிந்தவர், இன்னொருத்தர் பூட்டு உடைப்பதில் கைதேர்ந்த திருடி. மீதமுள்ள அந்த ஒருவர்தான் கேம் மாஸ்டர். உலகம், அதிலுள்ள ஊர்கள், எதிரிகள், வழிப்போக்கர்கள், மழை, இருட்டு எல்லாம் அவர் பொறுப்பு. "எதிரே ஒரு பாலம், நடுவில் ஒருவன் நிற்கிறான், என்ன செய்கிறீர்கள்?" என்று அவர் கேட்பார். உங்கள் பாத்திரம் என்ன செய்யும் என்று நீங்கள் சொல்வீர்கள். முடிவு இப்படியும் போகலாம் அப்படியும் போகலாம் என்ற இடத்தில் பகடை உருளும். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகையில் விற்பனைக்கு வந்த முதல் ஆட்டம். ஒரே கதை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தொடர்ந்தால் அதைக் கேம்பெய்ன் என்பார்கள்.

வழக்கமாக இதை ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து மூன்று நான்கு மணி நேரம் ஆடுவார்கள். ஆட்டத்தை விட கஷ்டமான வேலை ஐந்து பேருக்கும் ஒரே நாளில் அந்த நாலு மணி நேரத்தைக் கண்டுபிடிப்பது. ஒருத்தருக்கு இரவு ஷிஃப்ட், ஒருத்தருக்குக் கைக்குழந்தை, ஒருத்தர் வேறு நாட்டில் இருக்கிறார். மெயிலில் ஆடினால் இந்தத் தலைவலியே இல்லை. அவரவருக்குப் பத்து நிமிடம் கிடைக்கும்போது படித்து, யோசித்து, எழுதிவிட்டுப் போகலாம். தபாலில் ஆடுவது ரோல்பிளேயிங்கை விடப் பழசு என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடிதம் வழியாகச் சதுரங்கம் ஆடுவது மிகப் பழைய வழக்கம், 1963-ல் ஜான் போர்ட்மேன் என்பவர் டிப்ளமசி என்ற பலகை ஆட்டத்தைத் தபாலில் நடத்த ஆரம்பித்தார், 1970-ல் ரிக் லூமிஸ் தபால் வழிப் போர் ஆட்டங்களைத் தொடங்கினார். ஒரு நகர்வை எழுதிப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் பதிலுக்குக் காத்திருந்து ஆடியவர்கள் அவர்கள். நமக்கு அந்தக் காத்திருப்பு ஒன்றிரண்டு நாளாகச் சுருங்கிவிட்டது, ஆனால் இல்லாமல் போய்விடவில்லை. மெயில் ஆட்டத்தில் கற்றுக்கொள்ள வேண்டியதில் முக்கால்வாசி அந்தக் காத்திருப்பைப் பற்றியதுதான்.

நான் முதன்முதலாக நடத்திய மெயில் ஆட்டம் ஒரு கதவுக்கு முன்னால் நின்றுபோனது. பாழடைந்த கோட்டை, நல்ல பாத்திரங்கள், ஆர்வமாக எழுதும் ஆட்கள், எல்லாம் இருந்தது. "ஒரு மரக்கதவு தெரிகிறது" என்று எழுதினேன். "பூட்டியிருக்கிறதா?" என்று ஒருவர் கேட்டார். மறுநாள் "ஆமாம்" என்றேன். "பொறி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறேன்" என்றார் இன்னொருவர். அதற்கு அடுத்த நாள் "எதுவும் தெரியவில்லை" என்றேன். "காது வைத்துக் கேட்கிறேன்" என்று ஒரு மெயில், "யாராவது எனக்கு விளக்கு பிடிக்க முடியுமா" என்று ஒரு மெயில். மேசையில் இதெல்லாம் அரை நிமிடம். மெயிலில் எட்டு நாள். கதவு திறந்தபோது இரண்டு பேர் பதில் எழுதுவதை நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை, எட்டு நாள் ஒரு கதவைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை இருக்கும்?

நான் அதில் புரிந்துகொண்டது ஒன்று. மேசையில் பேச்சு மலிவு, மெயிலில் ஒவ்வொரு கேள்வி பதிலுக்கும் ஒரு நாள் விலை. கேம் மாஸ்டரின் மெயில் போய், எல்லோருடைய பதிலும் வந்து, அவர் மறுபடியும் எழுதுவதை ஒரு சுற்று என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு இரண்டு சுற்று நடந்தால் அது நல்ல வேகம், வருடத்துக்குச் சுமார் நூறு சுற்றுதான். அந்த நூறில் எட்டைக் கதவுக்குக் கொடுக்க முடியாது. இனி நான் சொல்லப்போகும் எல்லாமே, ஒரு சுற்றுக்குள் எவ்வளவு கதையை நகர்த்துவது என்ற ஒரே கேள்விக்கான வெவ்வேறு பதில்கள்.

கேம் மாஸ்டரின் மெயில் எப்படி இருக்க வேண்டும்

"குகைக்குள் நுழைகிறீர்கள், இருட்டாக இருக்கிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று எழுதினால் திரும்பி வருவது நடவடிக்கையாக இருக்காது, கேள்வியாகத்தான் இருக்கும். எவ்வளவு இருட்டு, என்ன சத்தம், வேறு வழி உண்டா என்று. அவர்கள் கேட்கப்போவதை நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். ஒரு திறமையான திருடி கதவைப் பார்த்தால் என்னென்ன கவனிப்பாளோ அத்தனையும் அவள் கேட்காமலே மெயிலில் இருக்கட்டும். அப்புறம், ஏதோ ஒன்று அவர்களை நெருக்க வேண்டும், எதிரில் இரண்டு மூன்று வழி தெரிய வேண்டும். இப்படி:

"பாலத்தில் பாதி தூரம் வந்துவிட்டீர்கள். இதற்கு மேல் இருபதடிக்குப் பலகையே இல்லை, இரண்டு பக்கக் கயிறு மட்டும் இருக்கிறது. பின்னால் கரையில் தீப்பந்தங்கள், ஆறேழு பேர் இருக்கும், கொஞ்ச நேரத்தில் பாலத்துக்கு வந்துவிடுவார்கள். கயிற்றில் தொங்கியபடி கடக்கலாம், ஆனால் மாறன் முதுகில் இருக்கும் பெட்டியோடு அது கஷ்டம். கீழே ஆறு ஆழம்தான், குதித்தால் உயிர் பிழைக்கலாம், பெட்டிக்குள் இருக்கும் கடிதங்கள் பிழைக்காது. வருகிறவர்களில் ஒருவன் சத்தம் போடுகிறான், அது யாழினிக்குத் தெரிந்த குரல். வெள்ளி இரவுக்குள் எழுதுங்கள்."

ஐம்பது அறுபது சொல்தான். அதற்குள் இடம், ஆபத்து, மூன்று வழி, ஒவ்வொன்றின் விலை, ஒரு பாத்திரத்துக்கு மட்டும் சொந்தமான ஒரு கதை இழை, கடைசி நாள் எல்லாம் வந்துவிட்டன. நாலாவதாக ஒரு வழியை ஆட்டக்காரர்கள் தாங்களாகவே கண்டுபிடித்தால் இன்னும் சந்தோஷம். நீளமாக எழுதினால்தான் நல்ல கேம் மாஸ்டர் என்று நினைக்க வேண்டாம். காட்சி மாறும்போது முந்நூறு சொல் எழுதலாம், நடுவில் வரும் மெயில்கள் போனில் நின்றபடி படித்துவிடும் அளவில் இருந்தால்தான் அன்றைக்கே பதில் வரும்.

ஆட்டக்காரர்களுக்கும் ஒரு பாடம் உண்டு, அதை முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுங்கள்: "அப்படி என்றால் இப்படி" என்று சேர்த்து எழுதுவது. மேலே இருக்கும் மெயிலுக்கு யாழினியை ஆடுகிறவர் எழுதும் பதிலைப் பாருங்கள்.

"யாழினி கயிற்றை இழுத்துப் பார்க்கிறாள். தாங்கும் என்றால் பெட்டியைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு முதலில் கடப்பாள். தாங்காது என்று தோன்றினால் திரும்பி நின்று அந்தக் குரலுக்குச் சொந்தக்காரனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அவர்கள் அம்பு விட்டால் பேச்செல்லாம் கிடையாது, மாறனையும் இழுத்துக்கொண்டு ஆற்றில் குதிப்பாள். கடிதங்கள் போனாலும் பரவாயில்லை."

"கயிற்றைச் சோதிக்கிறேன்" என்று மட்டும் எழுதியிருந்தால் இந்த ஒரு பதிலுக்கு மூன்று சுற்று ஆகியிருக்கும். அதை விட முக்கியம், அந்தக் கடைசி வரி. யாழினிக்குக் கடிதத்தை விட மாறன் பெரிது என்று தெரிந்துவிட்டது, கேம் மாஸ்டர் அதை வைத்து அடுத்த ஒரு மாதம் கதை பண்ணலாம். பாத்திரத்தின் நோக்கத்தைச் சொல்லிவிட்டால் சின்னச் சின்ன விஷயங்களைக் கேம் மாஸ்டரே நியாயமாக முடித்துக்கொள்வார்.

சண்டையும் பகடையும்

மெயில் ஆட்டங்கள் அதிகம் சாகும் இடம் சண்டைதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு பாத்திரங்கள், எதிரிகளுக்காகக் கேம் மாஸ்டர், ஆக ஐந்து முறை. மேசையில் செய்வதுபோல வரிசையாக ஒருவர் முடித்த பின் அடுத்தவர் என்று போனால், ஆளுக்கு ஒரு நாள் வைத்தால்கூட, எல்லோரும் ஒருமுறை ஆடி முடிக்கும் ஒரு சண்டைச் சுற்றுக்கு ஐந்து நாள். ஆறு சுற்று நீளும் சண்டை ஒரு மாதம் சாப்பிட்டுவிடும், யாராவது ஒருவர் வெளியூர் போனால் அதற்கும் மேலே. அதனால் வரிசையை விட்டுவிடுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் நடவடிக்கையை எழுதட்டும், இரண்டு நாள் கழித்துக் கேம் மாஸ்டர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மெயிலாக நடத்தி முடிக்கட்டும். ஒரு மாதம் இரண்டு வாரமாகிவிடும். யார் முந்துவது என்பதற்கு ஆளுக்காள் கணக்குத் தேவையில்லை. 1981-ல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அடிப்படைத் தொகுப்பில் இருப்பதுபோல ஆட்டக்காரர்கள் ஒரு பக்கம், எதிரிகள் ஒரு பக்கம் என்று பக்கத்துக்கு ஒரு ஆறுமுகப் பகடை, எந்தப் பக்கத்துக்குப் பெரிய எண் விழுகிறதோ அந்தப் பக்கம் முழுக்க முதலில். மெயிலுக்கு அது அவ்வளவு பொருத்தமாக இருக்கிறது.

பெரிய இடைஞ்சல், குறுக்கே வரும் வினைகள். ஐந்தாம் பதிப்பு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஷீல்ட் என்று ஒரு மந்திரம் உண்டு, அடி விழும் அந்த நொடியில் சொன்னால் தற்காப்பு 5 கூடும். மேசையில் "இரு இரு, ஷீல்ட்!" என்று கத்தினால் முடிந்தது. மெயிலில் ஒவ்வொரு அடிக்கும் நிறுத்தி "போடுகிறாயா?" என்று கேட்க முடியாது. எனவே முன்பே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்: "ஷீல்ட் போட்டால் தப்பிக்க முடியும் என்ற நிலையில், என் உயிர்ப்புள்ளி (இன்னும் எவ்வளவு அடி தாங்குவேன் என்ற எண்) பாதிக்குக் கீழே இருந்தால் மட்டும் போடு." இந்த மாதிரி நிரந்தர உத்தரவுகள் நாலைந்து ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இருந்தால் சண்டை ஓடும்.

பகடையை யார் உருட்டுவது? என் கருத்து, கேம் மாஸ்டரே எல்லாவற்றையும் உருட்டட்டும். "பகடை போடு" என்று கேட்டு எண் வருவதற்கே ஒரு நாள் போய்விடும். சிலருக்குத் தங்கள் கையால் உருட்டினால்தான் ஆடிய திருப்தி இருக்கும், அது நியாயமான ஆசை. அவர்கள் தங்கள் நடவடிக்கையோடு சேர்த்தே எண்ணையும் அனுப்பிவிடலாம், அல்லது உருட்டிய எண்ணை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மெயிலாக அனுப்பும் ஆன்லைன் பகடைச் சேவை எதையாவது பயன்படுத்தலாம். நம்ப முடியாதவர்களோடு ஒரு வருடம் கதை சொல்லிக்கொண்டிருக்க மாட்டீர்கள், அதனால் ஏமாற்றுவதைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை.

எந்த விதிகளை எடுப்பது என்று கேட்டால், சின்னதாக இருப்பதை எடுங்கள் என்பேன். இரண்டு ஆறுமுகப் பகடைகளைக் கூட்டும் முறை ஒன்று இருக்கிறது: 10 அல்லது மேலே வந்தால் நினைத்தது நடக்கும், 7 முதல் 9 வரை வந்தால் நடக்கும் ஆனால் ஏதாவது ஒரு விலை கொடுக்க வேண்டும், 6 அல்லது கீழே வந்தால் கேம் மாஸ்டர் நிலைமையை மோசமாக்குவார். மொத்தமுள்ள 36 சேர்க்கைகளில் 6-ல் முழு வெற்றி, 15-ல் விலையோடு வெற்றி, 15-ல் சிக்கல். "ஒன்றும் நடக்கவில்லை" என்ற விடையே இதில் கிடையாது என்பதுதான் அழகு. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் இருபது முகப் பகடையில் குறி தவறினால் "தவறிவிட்டது" என்று ஒரு வரி எழுதி இரண்டு நாளை வீணாக்க வேண்டியிருக்கும், இங்கே ஒவ்வொரு உருட்டலும் கதையை எங்காவது தள்ளிக்கொண்டு போகும். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் வேண்டும் என்று குழுவில் எல்லோரும் சொன்னால் அதுவும் சரி. அதன் 5.1 அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது, இலவசமாக எல்லோருக்கும் அனுப்பிவிடலாம். சண்டைகளை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்களைச் சேர்ப்பது, முதல் காட்சி

நாலு அல்லது ஐந்து ஆட்டக்காரர்கள். மூன்று பேரோடு தொடங்கி ஒருவர் விலகினால் கதை தள்ளாடும், ஏழு பேரின் பதிலுக்குக் காத்திருந்தால் எந்த வாரமும் முழுதாக வராது. அழைக்கும்போதே மூன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வாரத்துக்கு எத்தனை மெயில், பதிலுக்கு எத்தனை நாள் கெடு, மொத்தம் எத்தனை வாரம். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். முடிவே தெரியாத ஆட்டத்துக்குச் "சரி" என்று சொல்பவர்கள் சீக்கிரம் நழுவுவார்கள். "பத்து வாரம், அதற்குள் இந்த ஒரு கதை முடியும், அப்புறம் விருப்பமுள்ளவர்கள் தொடரலாம்" என்று சொன்னால் பத்து வாரமும் இருப்பார்கள், அதில் பாதிப்பேர் அடுத்த பத்துக்கும் வருவார்கள்.

தொடங்கும் முன் ஒவ்வொருவரிடமும் தனியாக ஒரு மெயிலில் கேட்க வேண்டியது: உங்கள் பாத்திரத்துக்கு என்ன வேண்டும், எதற்குப் பயப்படும், குழுவில் இன்னொருவரை ஏன் நம்புகிறது. அதோடு, கதையில் வரவே கூடாது என்று நீங்கள் நினைப்பது என்ன என்றும் கேளுங்கள். காரணம் கேட்காதீர்கள். குழந்தைகளுக்குத் தீங்கு வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அது வேண்டாம், அவ்வளவுதான். மேசையில் ஒருவர் முகம் மாறுவது கண்ணுக்குத் தெரியும், மெயிலில் தெரியாது. முன்பே கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

முதல் காட்சியில் பாத்திரங்கள் ஏற்கெனவே ஒருவரையொருவர் தெரிந்தவர்களாக, ஏற்கெனவே ஒரு வேலையில் இறங்கியவர்களாக இருக்கட்டும். முன்பின் தெரியாதவர்கள் ஒரு சத்திரத்தில் சந்தித்து மெல்ல அறிமுகமாகிற தொடக்கம் மேசையில் இனிக்கும், மெயிலில் அந்த அறிமுகத்துக்கே மூன்று வாரம் போகும். பாலத்தின் நடுவிலேயே தொடங்குங்கள். ஏன் ஓடுகிறார்கள், பெட்டி யாருடையது என்பதெல்லாம் ஓடிக்கொண்டே சொல்லலாம்.

மெயில் பெட்டியில் ஒழுங்கு

இது சலிப்பான வேலை, ஆனால் செய்யாவிட்டால் இரண்டாம் மாதம் யாருக்கும் எதுவும் கிடைக்காது. சப்ஜெக்ட் வரி ஒரே அமைப்பில் இருக்கட்டும்: ஆட்டத்தின் பெயர், காட்சி எண், சுற்று எண், கெடு. காட்சி மாறும்போது புது சப்ஜெக்ட். ஜிமெயிலில் ஒரே தொடர் நூறு மெயிலைத் தாண்டினால் தானாகவே உடைந்து இன்னொரு தொடராகிவிடும், அதற்கு முன் நீங்களே வசதியான இடத்தில் வெட்டிவிடுவது நல்லது. "இந்த வாரம் பரீட்சை, தாமதமாகும்", "இந்த விதி எப்படி வேலை செய்யும்?" போன்ற பேச்செல்லாம் தனித் தொடரில். கதைத் தொடரில் கதை மட்டும். பதில் எழுதும்போது கீழே வால்போல வரும் பழைய மெயிலை அழிக்கப் பழக்குங்கள்.

கேம் மாஸ்டரின் ஒவ்வொரு மெயிலின் அடியிலும் நாலு வரி நிலவரம் வேண்டும்: நேரம் என்ன, யார் எங்கே, யாருக்கு எவ்வளவு காயம், கையில் என்ன. நாலு நாள் கழித்து மெயிலைத் திறக்கிறவருக்கு விளக்கு யார் கையில் இருந்தது என்று நினைவிருக்காது.

பதில் வராதபோது

வராது. ஒருவராவது ஒவ்வொரு வாரமும் தவறவிடுவார். கெடு முடிந்தால் கெடு முடிந்ததுதான்: அந்தப் பாத்திரத்தைக் கேம் மாஸ்டர் அதன் நிரந்தர உத்தரவுப்படி நடத்திவிட்டுக் கதையை நகர்த்த வேண்டும். ஆள் இல்லாதபோது அவர் பாத்திரத்தைச் சாகடிக்கக் கூடாது, அவமானப்படுத்தக் கூடாது, அவருக்கு வேண்டிய பொருளை வேறொருவருக்குக் கொடுத்துவிடக் கூடாது. அவர் திரும்பி வரும்போது தன் பாத்திரம் பத்திரமாக, கொஞ்சம் முன்னேறி நிற்பதைப் பார்க்க வேண்டும். ஒருவருக்காகக் காத்திருந்தால் மற்ற நாலு பேரும் ஆறிப்போவார்கள். இரண்டு முறை தவறினால் குழுவில் எழுதாமல் தனியாக ஒரு மெயில் போடுங்கள்: "எல்லாம் நலமா? கொஞ்ச நாள் பாத்திரத்தை நான் பார்த்துக்கொள்ளவா?" மன்னிப்புக் கேட்கவைக்காத வரிகள் அவை. வெட்கப்பட்டே காணாமல் போகிறவர்கள்தான் அதிகம்.

கேம் மாஸ்டரும் களைப்பார். அப்போது சொல்லாமல் மௌனமாகிவிடக் கூடாது, ஒரு வாரம் மௌனம் இரண்டு வாரமாகி, அப்புறம் ஆரம்பிக்கவே கூச்சமாகிவிடும். "பத்து நாள் இடைவெளி, இந்தத் தேதியில் தொடர்கிறோம்" என்று ஒரு வரி போதும்.

மெயிலில் மட்டுமே முடிகிற ஒன்று

ரகசியம். மேசையில் ஒருவரைத் தனியே அழைத்துப் பேசினால் மற்றவர்களுக்கு ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடும். மெயிலில் யாருக்கும் தெரியாமல், மாதக்கணக்கில், ஒருவரோடு ஒரு தனிக்கதை நடத்தலாம். அந்தத் தீப்பந்தக் கூட்டத்தில் இருந்தவன் யாழினியின் அண்ணன் என்று யாழினியை ஆடுகிறவருக்கு மட்டும் ஒரு மெயில். பெட்டிக்குள் இருக்கும் கடிதங்களில் ஒன்று காணோம் என்று மாறனுக்கு மட்டும் ஒரு மெயில். இரண்டு பேரும் குழு மெயிலில் ஒருவருக்கொருவர் என்ன சொல்கிறார்கள், என்ன சொல்லாமல் விடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பது கேம் மாஸ்டராக எனக்குக் கிடைத்த பெரிய இன்பங்களில் ஒன்று. அளவோடு செய்யுங்கள், எல்லோருக்கும் ஆளுக்கொரு ரகசியமாவது சமமாகக் கிடைக்கட்டும். அனுப்பும் முன் பெறுநர் வரியை இரண்டு முறை பாருங்கள், ரகசிய மெயிலுக்கு ரிப்ளை பொத்தானையே தொடாமல் ஒவ்வொரு முறையும் புது மெயிலாக எழுதுவது இன்னும் பத்திரம்.

கதை முடியும்போது கடைசி மெயிலை நீங்கள் எழுத வேண்டாம். ஒவ்வொருவரும் தங்கள் பாத்திரம் ஐந்து வருடம் கழித்து எங்கே, யாரோடு இருக்கிறது என்று ஒரு பத்தி எழுதட்டும், அதற்கும் ஒரு கெடு வையுங்கள். அது வந்தபிறகு கதைத் தொடர்களை வரிசையாக ஒரே கோப்பில் ஒட்டி, பகடை எண்களையும் நிலவரப் பட்டியல்களையும் நீக்கி, இதுவரை தனித்தனியாக இருந்த ரகசிய மெயில்களை அவை நடந்த இடத்திலேயே செருகி எல்லோருக்கும் அனுப்புங்கள். மாறனை ஆடியவர் அந்தப் பாலத்தின் பக்கத்துக்கு வந்ததும், அந்தக் குரல் யாருடையது என்பதை அப்போதுதான் படிப்பார்.